‘ரஜினி குரல்’ என்னும் தொகை: பின்னணிக் குரல் தேர்வில் ‘போன்ற’ என்பதன் பொருள்கோடல் (பழவேற்காட்டு ஏரியின் இரு கரைகளை முன்வைத்து)

ஆய்வுச்சுருக்கம்

விளம்பரம், மொழிமாற்றுப் படம், உயிரூட்டுப் படம், பொது அறிவிப்பு ஆகியவற்றுக்குக் குரல் தேடுவோர் புகழ்பெற்ற ஒருவரின் பெயரைச் சொல்லி, ‘இன்னார் குரல் வேண்டும்’ என்று கேட்பது வழக்கம். இக்கோரிக்கை உண்மையில் எதைக் கேட்கிறது என்பதைத் தமிழ் இலக்கணம் வகுத்துள்ள உவமை, தொகைமொழி, ஆறாம் வேற்றுமைக் கிழமை ஆகிய கருத்துகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ‘ரஜினி குரல்’ என்பது உவமைத் தொகையாகவும் வேற்றுமைத் தொகையாகவும் விரியக்கூடியது. முன்னதைப் பின்னதாகக் கொள்வதே குரல் தேர்வில் நேரும் பிழைகளுக்கும், குரலை எந்திரத்தால் படியெடுக்கும் இக்காலத்தில் எழுந்துள்ள உரிமைச் சிக்கல்களுக்கும் அடிப்படை என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: பின்னணிக் குரல், பலகுரல், உவமைத் தொகை, தற்கிழமை, பிறிதின்கிழமை, பழவேற்காடு, மொழிமாற்றுப் படம்.

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் உள்ள பழவேற்காடு, டச்சுக்காரர்களின் கெல்டிரியா கோட்டையாலும் அவர்களுடைய கல்லறைகளாலும் வரலாற்று நூல்களில் இடம்பெற்ற ஊர். இக்கட்டுரைக்கு அவ்வூர் பயன்படுவது வேறொரு காரணத்தால். பழவேற்காட்டு ஏரி இரு மாநிலங்களுக்குப் பொதுவானது. அதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. தென்பகுதி தமிழ்நாட்டைச் சேர்ந்தது. கோட்டைக்குப்பம், கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் முதலிய மீனவ ஊர்கள் தெற்கே உள்ளன. தடாவும் சூளூர்ப்பேட்டையும் ஆந்திர எல்லைக்குள் உள்ளன. இப்பகுதியில் தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்குகின்றன. ஆகவே ஒரே திரைப்படம் இங்கே சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு மொழிகளில் கேட்கப்படுகிறது.

ரஜினிகாந்தின் தமிழ்ப் படம் தென்கரையில் ஓடும்போது திரையில் தோன்றுபவரின் குரலே காதில் விழுகிறது. அதே படம் தெலுங்கில் வடக்கே ஓடும்போது முகம் அவருடையது, குரல் பாடகர் மனோவினுடையது. ‘முத்து’ (1995) தொடங்கிப் பல படங்களில் ரஜினிகாந்துக்குத் தெலுங்குக் குரல் தந்தவர் அவர். அதற்கு முன் ‘பாட்ஷா’வின் தெலுங்கு வடிவில் நடிகர் சாய்குமாரின் குரல் ஒலித்தது. கமல்ஹாசனுக்கு எஸ். பி. பாலசுப்பிரமணியம் தெலுங்கில் நெடுங்காலம் குரல் தந்தார் என்பதும் அறிந்ததே. இவ்வேரியின் நடுவே நின்று ‘ரஜினி குரல்’ என்று ஒருவர் சொன்னால், அது எந்தக் குரலைக் குறிக்கும்? குரல் தேர்வு நடைபெறும் ஒவ்வோர் ஒலிப்பதிவுக் கூடத்திலும் இவ்வினா எழவேண்டும், பெரும்பாலும் எழுவதில்லை.

‘மாதிரி’ என்னும் ஒற்றை உருபு

குரல் கேட்போரின் மொழியை முதலில் நோக்கலாம். ‘ரஜினி வாய்ஸ்ல வேணும்’, ‘ரஜினி மாதிரி வேணும்’, ‘ரஜினி ஸ்டைல்ல பேசணும்’ என்னும் மூன்றும் பேச்சுவழக்கில் ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்குகின்றன. கேட்போரும் அவற்றை ஒரே பொருளினவாகக் கருதுகின்றனர். இலக்கண நோக்கில் அவை மூன்றும் வேறு. முதலாவது, அந்தக் குரலையே கேட்கிறது. இரண்டாவது உவமை; ஆனால் எவ்வகையில் ஒத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. மூன்றாவது, ஒப்புமை எதில் அமையவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறது. அது பேசும் முறையில், அதாவது வினையில் அமையவேண்டும்.

தொல்காப்பியர் உவமை தோன்றும் நிலையை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்தார். மெய் என்பதற்கு வடிவு என்றும், உரு என்பதற்கு நிறம் என்றும் உரையாசிரியர்கள் பொருள் கொண்டனர். இப்பகுப்பைக் குரலுக்குப் பொருத்துவது வலிந்து செய்யும் பொருத்தமன்று. குரலின் தனித்தன்மையைப் பேசும் இசையியலாரும் அதனை ஒலியின் ‘நிறம்’ என்றே பல மொழிகளில் வழங்குகின்றனர். ஆதலின் ஒரு குரலின் உரு என்பது தொண்டையும் மூக்கும் மார்பும் சேர்ந்து தரும் ஒலிநிறம் ஆகும். மெய் என்பது அதன் வடிவம். கனம், உயரம், வீச்சு, வட்டாரச் சாயல் ஆகியன இதில் அடங்கும். வினை என்பது நிறுத்தம், விரைவு, சொல்லை அழுத்தும் இடம், சிரிப்பு முதலியவற்றால் ஆன சொல்முறை. பயன் என்பது கேட்பவரிடம் அக்குரல் விளைக்கும் நம்பிக்கை, அச்சம், நெருக்கம், கிளர்ச்சி முதலியன.

தொல்காப்பியர் இந்நான்கு வகைக்கும் தனித்தனியே உவம உருபுகளைத் தொகுத்துக் கூறினார் என்பது இங்கே முதன்மையானது. அவை வழக்கில் மயங்கியும் வந்தன என்பதை உரைகள் ஒப்புக்கொண்டாலும், எவ்வகை ஒப்புமை என்பதை உருபே காட்டக்கூடும் என்னும் எண்ணம் அப்பகுப்பில் உள்ளது. இன்றைய பேச்சுத் தமிழில் அவ்வேலைகள் அனைத்தையும் ‘மாதிரி’ என்னும் ஒரு சொல் செய்கிறது. பொதுத்தன்மை சொல்லப்படாத உவமையைத் தொகை உவமை என்பர் அணிநூலார். சொல்லப்படுவது விரி உவமை. குரல் தேர்வுக் கோரிக்கைகள் பெரும்பாலும் தொகை உவமைகள். அவற்றை ஏற்கும் குரல் கலைஞர் முதலில் செய்யவேண்டியது, மறைந்துள்ள பொதுத்தன்மையை விரித்தறிவது; தொண்டையை மாற்றுவது அதன் பின்னரே.

விளம்பரத்துக்கு ‘ரஜினி மாதிரி’ கேட்கும் நிறுவனம் பெரும்பாலும் வேண்டுவது பயனே: சொன்னால் சொன்னதுதான் என்னும் உறுதி. பலகுரல் மேடைக்கு வேண்டுவது வினையும் உருவும். உயிரூட்டுப் படத்துக்கு வேண்டுவது பல நேரங்களில் மெய் மட்டுமே. இவற்றைப் பிரித்தறியாமல் உருவைப் படியெடுத்துத் தருபவர், கேட்டவர் கேளாத ஒன்றைத் தருகிறார். ‘ரஜினி மாதிரி இருக்கணும், ஆனா ரஜினியா இருக்கக் கூடாது’ என்று இத்துறையில் வழங்கும் சொற்றொடரை நகைப்புக்குரிய முரணாகக் கொள்வோர் உண்டு. அது முரணன்று என்பது என் கருத்து. வினையும் பயனும் வேண்டும், உரு வேண்டா என்பதே அதன் விரி. அதைச் சொல்லும் கலைச்சொற்கள் கேட்பவரிடம் இல்லை, அவ்வளவே.

எம்.ஜி.ஆர். குரல் யாருடையது?

இக்கருத்தைச் சோதிக்க மிகத் தகுந்த சான்று எம்.ஜி.ஆர். குரல். மீனவர் வாழ்வைக் கதையாகக் கொண்ட ‘படகோட்டி’ (1964) படத்தில் அவர் பேசும் குரல் அவருடையது. பாடும் குரல் டி. எம். சௌந்தரராஜனுடையது. ஒலிபெருக்கி வழியே இன்றும் கடலோர ஊர்களில் கேட்கப்படும் ‘எம்.ஜி.ஆர். பாட்டு’ அனைத்தும் பிறர் பாடியவை; அவற்றுள் பெரும்பகுதி சௌந்தரராஜன் பாடியவை. தேர்தல் வண்டியில் அப்பாடல் ஒலிக்கும்போது கேட்பவர் எம்.ஜி.ஆரை நினைக்கிறார். இது அறியாமையன்று, பாடியவர் பெயர் அவருக்கு நன்கு தெரியும்.

சௌந்தரராஜனின் வரலாறே ‘போன்ற குரல்’ என்பதன் வரலாறு எனலாம். ‘கிருஷ்ண விஜயம்’ (1950) படத்தில் அறிமுகமானபோது அவர் எம். கே. தியாகராஜ பாகவதரின் வழியில் பாடுபவராக அறியப்பட்டார். ‘பராசக்தி’யில் (1952) சிவாஜி கணேசனுக்குப் பாடியவர் சி. எஸ். ஜெயராமன். ‘தூக்குத் தூக்கி’க்குச் (1954) சௌந்தரராஜன் வந்தபோது சிவாஜி தயங்கினார் என்றும், பாடலைக் கேட்டபின் ஏற்றுக்கொண்டார் என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. அதே 1954இல் ‘மலைக்கள்ளன்’ படத்தில் அவர் எம்.ஜி.ஆருக்கும் பாடினார். ஒரே தொண்டை ஓராண்டில் இரண்டு கதாநாயகர்களின் குரலாயிற்று. இருவரின் பேச்சுக் குரல்களும் ஒன்றுக்கொன்று மிகத் தொலைவானவை. ஒரு தொண்டை இரண்டின் உருவையும் முழுதும் ஏற்றல் அரிது. அவர் ஏற்றது வினையை: சிவாஜி சொல்லை எங்கே அழுத்துவார், எம்.ஜி.ஆர். எங்கே எளிதாகக் கடந்துசெல்வார் என்பதை. உரையாடல் முடிந்து பாடல் தொடங்கும் அந்தத் தையல் தெரியாமலிருந்தால் போதும்; எஞ்சியதைக் கேட்பவர் நிரப்பிக்கொள்வார்.

மற்றொரு சிக்கலும் உண்டு. 1967 சனவரி 12 அன்று எம். ஆர். ராதாவால் சுடப்பட்டபின் எம்.ஜி.ஆரின் பேச்சு நிலையாக மாறியது. அதன் பின்னும் அவர் தம் மாறிய குரலிலேயே பேசி நடித்தார். அக்குரலிலேயே மேடையேறி 1977இல் முதலமைச்சரானார். பலகுரல் மேடைகளில் பெரும்பாலும் போலச் செய்யப்படுவது இப்பிற்காலக் குரலே. ஏனெனில் போலச் செய்வோர்க்குப் பிடி தருவது இயல்பினின்று விலகிய கூறு. இனி, ஒருவர் ‘எம்.ஜி.ஆர். குரல் வேண்டும்’ என்று கேட்டால் மூன்று குரல்கள் எதிர்நிற்கின்றன: 1967க்கு முந்திய பேச்சு, பிந்திய பேச்சு, சௌந்தரராஜனின் பாட்டு. அன்பு வேண்டுமாயின் ஒன்று, வீரம் வேண்டுமாயின் ஒன்று, நகைச்சுவை வேண்டுமாயின் ஒன்று. உவமையின் நிலைக்களமாகச் சிறப்பு, நலன், காதல், வலி என நான்கைக் கூறிக் கிழக்கிடு பொருளை ஐந்தாவதாகச் சேர்த்த தொல்காப்பியரின் நுட்பம் இங்கே துணைசெய்கிறது. காதலில் தோன்றும் போலியும் கிழக்கிடுதலில் தோன்றும் போலியும் ஒரே மூலத்தின் வேறு வேறு கூறுகளைத் தேர்ந்தெடுக்கின்றன. காயத்தின் விளைவான பேச்சைக் கிழக்கிடு பொருளாக்கிச் சிரிக்கும் மேடைப் பழக்கம் தமிழ்ப் பொழுதுபோக்கின் கூர்மையற்ற பகுதி என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

உவமானம் உயர்ந்ததாக இருத்தல் வேண்டும் என்னும் மரபும் இங்குத் தொழிற்படுகிறது. நடிகரும் தலைவரும் உவமானமாவர். பழவேற்காட்டு மீனவரின் பேச்சு ஒருபோதும் உவமானமாவதில்லை. ‘மீனவர் மாதிரி’ என்று கேட்கப்படும்போதுகூட அது குறிப்பது முந்தைய படங்களில் நடிகர்கள் பேசிய மீனவப் பேச்சையே. வடகடலோரப் பேச்சுக்கும் தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பேச்சுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அக்கோரிக்கையில் இல்லை.

உவமைத் தொகையும் வேற்றுமைத் தொகையும்

இனித் தொகைக்கு வருவோம். ‘ரஜினி குரல்’ என்பதை ‘ரஜினியது குரல்’ என விரித்தால் ஆறாம் வேற்றுமைத் தொகை. ‘ரஜினியின் குரலை ஒத்த குரல்’ என விரித்தால் உவமைத் தொகை. ஒரு தொகை இரண்டு முதல் ஏழு பொருள்வரை மயங்கக்கூடும் என்று நன்னூல் கூறும். பாட்டில் இம்மயக்கம் அழகு. ஒப்பந்தத்தில் இது வழக்காகிறது.

அமெரிக்காவில் பெட் மிட்லர் தொடுத்த வழக்கு (1988) இதற்குப் பலரும் எடுத்துக்காட்டுவது. போர்டு நிறுவனத்தின் விளம்பரத்துக்குப் பாட அவர் மறுத்தார். அவருக்குப் பின்பாட்டுப் பாடியிருந்த ஒருவரை அழைத்து, இயன்றவரை அவருடைய பதிவைப் போலவே பாடச் சொன்னது விளம்பர நிறுவனம். பரவலாக அறியப்பட்ட பாடகர் ஒருவரின் தனித்தன்மையுள்ள குரலை ஒரு பொருளை விற்பதற்காக வேண்டுமென்றே போலச் செய்தல் தவறு என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். எல்லாப் போலச்செய்தலும் தவறு என்று அது சொல்லவில்லை. இங்கு நோக்கத்தக்கது கோரிக்கையின் சொற்களே. பொதுத்தன்மை விரிக்கப்படாமல், ‘அவரைப் போலவே’ என முற்றொப்புமை கேட்கப்பட்ட கணத்தில் உவமைத் தொகை வேற்றுமைத் தொகையின் இடத்தைப் பிடித்தது.

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய சான்று, ‘மைன் ஹூன் ரஜினிகாந்த்’ என்னும் இந்திப் படத்துக்கு எதிராக ரஜினிகாந்த் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு. 2015 பிப்ரவரியில் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக அமைந்தது. தடை கோரப்பட்டவற்றுள் பெயர், உருவம், கேலிச்சித்திர வடிவம் ஆகியவற்றோடு வசனம் பேசும் முறையும் இருந்தது. அதாவது உருவோடு வினையும் உரிமைப் பொருளாக முன்வைக்கப்பட்டது. பலகுரல் கலைஞரின் நிலையிலிருந்து பார்த்தால் இது சிறிய செய்தியன்று. ஒலிநிறத்தை ஒருவரது உடைமை என்பதை ஏற்பது எளிது. சொல்லை நிறுத்திப் பேசும் முறையை உடைமை என்றால், ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்ட நடிப்பு மரபு முழுதும் வினாவுக்குள்ளாகும். பாகவதர் வழியில் பாடிய சௌந்தரராஜனின் தொடக்கமும் அதில் அடங்கும்.

கிழமையின் இடமாற்றம்

ஆறாம் வேற்றுமையின் கிழமைப் பொருளைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாகப் பகுப்பர். சாத்தனது கை என்பது தற்கிழமை. சாத்தனது வீடு என்பது பிறிதின்கிழமை. முன்னது பிரிக்க இயலாதது, பின்னது கைமாறக்கூடியது. குரல் இதுவரை தற்கிழமையாகவே இருந்தது. ஒலிப்பதிவு வந்தபின்னும் பதிவுதான் கைமாறியது. புதிய சொற்களைப் பேசும் ஆற்றல் உடலோடு நின்றது.

அண்மைய ஆண்டுகள் இதனை மாற்றிவிட்டன. ‘லால் சலாம்’ (2024) படப் பாடலுக்காக 1997இல் மறைந்த சாகுல் ஹமீது, 2022இல் மறைந்த பம்பா பாக்கியா ஆகியோரின் குரல்களை ஏ. ஆர். ரகுமான் எந்திரத்தின் துணையால் மீளவும் பாடச் செய்தார்; குடும்பத்தாரின் இசைவு பெற்று ஊதியமும் வழங்கப்பட்டதாக அவர் அறிவித்தார். 2024 சனவரியில் மறைந்த பவதாரிணியின் குரல் அதே ஆண்டில் ‘தி கோட்’ படப் பாடலில் ஒலித்தது. 2018இல் மறைந்த மு. கருணாநிதி 2024 சனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாவில் திரையில் தோன்றி வாழ்த்துரைத்தார். மறுபுறம், தெலுங்குப் படம் ஒன்றில் எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் குரல் இசைவின்றி உருவாக்கப்பட்டது என்று அவர் குடும்பத்தார் சட்ட அறிவிப்பு அனுப்பினர். இசைவு தருவதும் மறுப்பதும் குடும்பத்தாரின் உரிமை ஆயிற்று என்றால், குரல் வீட்டைப் போலக் கைமாறும் பொருளாகிவிட்டது என்பதே பொருள். தற்கிழமை பிறிதின்கிழமையாயிற்று.

பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்னும் முறை உண்டு. குறிப்பிட்ட மீன்பிடி இடங்களில் வலைகட்டும் உரிமை சுழற்சியாக வரும். நீர் யாருக்கும் உடைமையன்று, முறைதான் உரிமை. அம்முறைக்கு உள்ளே இருப்போர், வெளியே நிறுத்தப்பட்டோர் என்னும் சிக்கல் அதிலும் உண்டு. அதனை உயர்வாகக் காட்டுவது என் நோக்கமன்று. ஆயினும் உடைமையும் பொதுமையும் அல்லாத மூன்றாவது ஒரு கிழமை வழக்கில் இருக்கக்கூடும் என்பதை அது நினைவூட்டுகிறது. சி. எஸ். ஜெயராமனுக்குப் பின் சௌந்தரராஜன் சிவாஜியின் பாட்டுக் குரலானதும், சாய்குமாருக்குப் பின் மனோ ரஜினியின் தெலுங்குக் குரலானதும் இத்தகைய முறையுரிமைக்கு நெருங்கியவை. ஒருவர் அக்குரலை ஏற்று உழைத்து, கேட்போரின் ஒப்புதலைப் பெற்று, ஒரு காலம் அதனைக் கையாளுகிறார். சட்டத்தில் இவ்வுரிமைக்குப் பெயர் இல்லை.

‘வேட்டையன்’: இரண்டு குரல்கள்

2024இல் வெளிவந்த ‘வேட்டையன்’ இம்மயக்கங்கள் அனைத்தையும் ஒரே படத்தில் காட்டுகிறது. அமிதாப் பச்சனுக்குத் தமிழில் முதலில் பிரகாஷ்ராஜின் குரல் பொருத்தப்பட்டது. முன்னோட்டக் காட்சியைப் பார்த்தவர்கள் அதனை ஏற்கவில்லை. பின்னர்ச் செயற்கை நுண்ணறிவின் துணையால் அமிதாப்பின் குரலே தமிழ் பேசும்படி செய்யப்பட்டது. பிரகாஷ்ராஜ் தேர்ந்த கலைஞர். கனம், முதிர்ச்சி, அதிகாரம் ஆகிய மெய்யும் பயனும் அவரிடம் குறைவின்றி உள்ளன. தடையாயிற்று எனலாமெனில், அது அவருடைய உரு. தமிழ்க் காதுக்கு அவ்வொலிநிறம் ஏற்கெனவே ஒரு முகத்தோடு தற்கிழமையாய் ஒட்டியிருந்தது. மனோ பாடகராக நன்கு அறியப்பட்டவர். ஆனால் அவருடைய பேச்சுக் குரலுக்குத் தெலுங்கில் அவ்வாறு முந்திய முகம் அழுத்தமாக இல்லை. ஆகவே அது ரஜினியின் முகத்தில் சென்று தங்கிற்று. குரல் தேர்வில் ‘இவர் அவரைப் போல ஒலிக்கிறாரா’ என்பதைவிட ‘இவர் வேறு யாராகவும் ஒலிக்கவில்லையா’ என்னும் வினாவே பல நேரங்களில் முடிவைத் தருகிறது. குரல் தேர்வு பற்றிய விவாதங்களில் இவ்வினாவுக்கு உரிய இடம் தரப்படவில்லை.

அதே படத்தின் ‘மனசிலாயோ’ பாடலில் 2011இல் மறைந்த மலேசியா வாசுதேவனின் குரல் கேட்கிறது. அவர் மகன் யுகேந்திரன் பாடியதை எந்திரம் தந்தையின் ஒலிநிறத்துக்கு மாற்றியது. முற்கால ரஜினி படப் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதுவும் ஒரு ‘ரஜினி குரல்’. மூச்சு, நிறுத்தம், அழுத்தம் ஆகிய வினை மகனுடையது, உரு தந்தையுடையது, பயனோ திரையில் ஆடும் மூன்றாமவருக்குச் சேர்கிறது. தொல்காப்பியர் பிரித்துக் கூறிய நான்கும் உண்மையிலேயே தனித்தனி ஆட்களிடம் பிரிந்து கிடக்கும் நிலை இதற்குமுன் இல்லை.

அமிதாப்புக்குச் செய்ததை நாளை ரஜினிகாந்துக்குத் தெலுங்கில் செய்ய எந்தத் தடையும் இல்லை. அவ்வாறு செய்தால் ஏரியின் இரு கரைகளிலும் ஒரே ஒலிநிறம் கேட்கும்; அதனை நம்பகமான குரல் என்று விளம்பரமும் செய்வர். ஆனால் வடகரையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ‘ரஜினி குரல்’ என்று கேட்கப்பட்டது மனோவின் குரல். அங்குள்ள பலகுரல் கலைஞர் ரஜினியைப் போலச் செய்யும்போது போலச் செய்வதும் அதனையே. அக்கரையில் முகத்துக்குரியவரின் சொந்தக் குரல் தெலுங்கு பேசி வரும்போது, அதனைக் கேட்பவர் ‘இது ரஜினி குரல் மாதிரி இல்லையே’ என்று சொல்லக்கூடும். அவர் சொல்வது இலக்கணப்படி பிழையாகாது.